பெயர் வராத இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப வேர்களைத் தேடும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரபலங்களைக் கேமரா முன்னால் அழவைப்பதுதான் இவற்றின் வெற்றி ரகசியம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். வருடக்கணக்காக இவற்றை விடாமல் பார்க்கிற எனக்கு அது ஒப்பவில்லை.

இந்த ஆசையைத் தொலைக்காட்சி உண்டாக்கவில்லை. பிரிட்டனின் 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை 2002 ஜனவரியில் இணையத்தில் திறந்துவிட்டபோது, முன்னோர் பெயரைத் தேடி வந்த கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே படுத்துவிட்டது. திரும்ப ஒழுங்காக இயங்க மாதக்கணக்கில் ஆயிற்று. பிரபலங்களின் முன்னோரைத் தேடும் பிபிசியின் 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்?' நிகழ்ச்சி அதற்கும் பிறகு, 2004-ல்தான் தொடங்கியது.

சரி, ராஜ வம்சம் கிடைக்குமா என்றா பார்க்கிறோம்? நடிகர் டேனி டயர் மூன்றாம் எட்வர்டு மன்னரின் வழிவந்தவர் என்று 2016-ல் அந்த நிகழ்ச்சியில் காட்டியபோது பெரிய பேச்சானது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டிகள் 4 பேர், இப்படியே 20 தலைமுறை பின்னால் போனால் 10 லட்சத்துக்கு மேல். ஒரே ஆள் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருவார் என்று கழித்துக்கொண்டாலும், அவர்களில் ஒரு மன்னர் இருப்பது அதிசயமே இல்லை.

என்னை எழுந்து போகவிடாமல் உட்காரவைப்பது வேறு. அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் வரும் 'ஃபைண்டிங் யுவர் ரூட்ஸ்' நிகழ்ச்சியில், அதை நடத்தும் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் விருந்தினர் முன் ஒரு பெரிய புத்தகத்தை வைத்து, பக்கத்தைப் புரட்டச் சொல்வார். கறுப்பின விருந்தினர் என்றால் தேடல் பெரும்பாலும் 1870-ல் போய் முட்டும். அடிமைகளாக இருந்த பெரும்பாலோர் பெயரோடு பதிவானது அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில்தான். அதற்கு முந்தைய 1850, 1860 ஏடுகளில் அவர்களுக்குத் தனி அட்டவணை. முதலாளிக்குப் பெயர் உண்டு. அடிமைகளுக்கு வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். பிறகு அந்த முதலாளியின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் துழாவுகிறார்கள். ஆடுமாடுகளோடும் மேசை நாற்காலிகளோடும் சேர்த்து விலைபோட்டு எழுதிய பெயர்களில் ஒன்றை எடுத்து, வயது பொருந்துகிறதா என்று பார்த்து, இவர்தான் உங்கள் பாட்டியின் பாட்டி என்று காட்டுகிறார்கள். விருந்தினர் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தபடி பேசாமல் இருப்பார். இதை அழுகை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் 2015-ல் வெளிவந்த விஷயம் என்னை அதிகம் பாதித்தது. அடிமைகளை வைத்திருந்த தன் முன்னோர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நடிகர் பென் அஃப்லெக் கேட்டிருந்தார். ஒளிபரப்பில் அந்த முன்னோர் இடம்பெறவும் இல்லை. பிபிஎஸ் விசாரணை நடத்தி அடுத்த பருவத்தைத் தள்ளிவைத்தது, தகவல் சரிபார்க்க ஆள் வைக்கச் சொன்னது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். பெயர்களைத் தேடித் தரும் நிகழ்ச்சி ஒரு பெயரை ஒளித்தால் மற்றதை எப்படி நம்புவது?

இன்னொரு குறையும் உண்டு. மாதக்கணக்கில் தேடியவர்களின் உழைப்பை ஒரு மணி நேரத்துக்குள் அடைத்துவிடுவதால், எல்லா ஆவணமும் நமக்காகக் காத்திருப்பதுபோல் தோன்றிவிடுகிறது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கெடுப்பு ஏடுகள் 1942-ல் தீயில் போயின. கிடைக்காமல் போன கதைகளையும் கொஞ்சம் காட்டுங்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

போன மாதம் ஒரு பழைய குடும்பப் படத்தை எடுத்துக்கொண்டு என் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். 11 பேர் இருக்கும் படம். ஒவ்வொருவர் மேலும் விரல் வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரத்தில் நிற்கும் சிறுமியிடம் நின்றுவிட்டார். "மொகம் நல்லா ஞாபகம் இருக்குப்பா, பேருதான் வரல" என்றார். படத்தின் பின்பக்கம் பென்சிலால் பத்துப் பெயர்களை எழுதி, அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஞாபகம் வந்தால் உடனே போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்