கத்தி வாங்கப் போகிற மகளுக்கு

வண்டிப்பெரியார்,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மூன்று நாளாக மழை விடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

வியாழக்கிழமை போனில், "இங்கே ஸ்வீடன் வடக்கே அபிஸ்கோ பக்கம் மலையில் ஒரு வாரம் நடக்கப் போறேன்ப்பா, ஒரு கத்தி வாங்கணும், எது நல்லது?" என்று கேட்டாய். பேசி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. அதுவும் நல்லதுக்குத்தான், இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரி ஒர்க்‌ஷாப்பில் இலையை நறுக்கிச் சுருட்டுகிற சிடிசி ரோலருக்குப் பல் தீட்டின கை இது. இரும்பைப் பற்றி மகள் கேட்டால் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

முதலில் ஒன்று. மடக்குக் கத்தி வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், பையில் அடங்கும். ஆனால் மடிகிற இடத்தில் ஒரு ஆணியும் ஒரு சின்னப் பூட்டும்தான் மொத்த பலம். குளிரில் விரல் மரத்துப்போய் அழுத்தும்போது அந்தப் பூட்டு நழுவினால் கத்தி உன் விரல் மேலேயே மூடும். ஆள் இல்லாத காட்டுக்கு மடங்காத கத்திதான்.

அடுத்தது பிடிக்குள் இருக்கிற இரும்பு. கடைக்காரர் அலகைக் காட்டுவார், பளபளப்பைக் காட்டுவார். நீ பிடிக்குள் என்ன இருக்கிறது என்று கேள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். உன்னிடம் சொன்னதில்லை.

1989. ஃபேக்டரியில் சேர்ந்த புதிது. கம்பத்தில் ஒரு திருவிழாக் கடையில் ஒரு கத்தி வாங்கினேன். முதுகில் ரம்பப் பல். பிடியின் அடியில் திசைகாட்டி. அதைத் திருகித் திறந்தால் உள்ளே தூண்டில் நரம்பு, ஊசி, தீக்குச்சி. வாங்கினதும் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த ஆடி மாதம் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப் பாதையில் ஒரு மரம் சாய்ந்துவிட்டது. நாங்கள் மூன்று பேர், நல்ல மழை, இருட்டிக்கொண்டு வந்தது. கிளையைக் கழிக்க அந்தக் கத்தியை எடுத்து வீசினேன். மூன்றாவது வெட்டிலோ நாலாவது வெட்டிலோ கையில் பிடி மட்டும் நின்றது. அலகு பறந்துபோய் கூட வந்தவர் காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சேற்றில் குத்தி நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டார்ச் அடித்துப் பிடிக்குள் பார்த்தேன். இவ்வளவு பெரிய அலகைத் தாங்கினது சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு போல்ட்டும் அதற்கு ஒரு நட்டும். மீதியெல்லாம் வெற்றிடம். அந்த இடத்தில் தூண்டில் நரம்பு வைத்து விற்றிருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், அலகும் பிடிக்குள் போகிற வாலும் ஒரே துண்டு இரும்பாக, பிடியின் கடைசி வரை ஓட வேண்டும். ஃபுல் டேங் என்று அங்கே கேள். பாதி வரை வால் போகிற கத்தியும் உண்டு. சமையலுக்கும் குச்சி சீவவும் அது போதும். ஈர விறகைப் பிளக்க வேண்டி வந்தால், கத்தியை மரத்தின் தலையில் வைத்து முதுகில் ஒரு கட்டையால் தட்ட வேண்டியிருக்கும். நாள் முழுக்க மழையில் நனைந்த கட்டைக்கும் நடு வைரம் காய்ந்துதான் கிடக்கும், அதை எடுத்தால்தான் நெருப்பு. அந்தத் தட்டு முழுவதும் அலகும் பிடியும் சேருகிற இடத்தில்தான் இறங்கும்.

நீளம் நாலு அங்குலத்திலிருந்து ஐந்துக்குள் இருக்கட்டும். நம் ஊர் வெட்டுக்கத்தி, இங்கே மலையாளத்தார் சொல்கிற வாக்கத்தி, எல்லாம் புதர் மண்டின காட்டுக்குச் செய்தது. உன் பாதையில் குட்டை பிர்ச் மரமும் பாறையும்தான் அதிகம் என்கிறாய், அங்கே அது வெறும் சுமை. கனம் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். அதற்கு மேல் தடித்தால் சீவ வராது.

இரும்பு எது என்று உன் நண்பர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். 1095 என்கிற கார்பன் இரும்பு நன்றாகத் தீட்டு வாங்கும், ஆனால் ஈரத்தோடு உறையில் போட்டால் மறுநாளே துரு. நீ துடைத்து எண்ணெய் போடுகிற ஆள் இல்லை, உன்னை எனக்குத் தெரியும். துருப்பிடிக்காத இரும்பே வாங்கு. 14சி28என் என்று ஒன்று, ஸ்வீடன்காரர்களே செய்தது. 14 சதவீதம் குரோமியம், கார்பன் 0.6 சதவீதத்துக்குச் சற்று மேல். நல்ல இரும்பு. கடினம் ராக்வெல் கணக்கில் 56-லிருந்து 59-க்குள் இருக்கட்டும். இன்னும் கடினமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அரம் கை தவறி சிமெண்ட் தரையில் விழுந்தால் ஓடு மாதிரி இரண்டாக உடையும். அவ்வளவு கடினம் அது. குளிர் நாட்டில், முதுகில் தட்டு வாங்குகிற கத்திக்கு அது கூடாது. வாய் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம், ஒடிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

நீ இருக்கிற நாட்டிலேயே மோரா என்று ஊர் இருக்கிறதே, அங்கே மோராக்னிவ் என்கிற கம்பெனிக்காரர்கள் 1891-லிருந்து கத்தி செய்கிறார்கள். அவர்களுடைய கார்பெர்க் என்கிற கத்தியைப் பார். வால் கடைசி வரை ஓடுகிறது, 3.2 மில்லிமீட்டர் கனம், நான் சொன்ன அதே இரும்பு. பிடி இரும்பைச் சுற்றி மூடியிருக்கும், அடிப்பக்கம் மட்டும் தெரியும். குளிரில் கை இரும்பில் படாமல் இருப்பது பெரிய விஷயம். அவர்களே விலை குறைவாகக் கம்பேனியன் என்று ஒன்று விற்கிறார்கள். அதுவும் நல்ல கத்திதான், ஆனால் வால் கடைசி வரை ஓடாது. காசு பார்க்காதே, குறைந்தால் அப்பா அனுப்புகிறேன்.

முதுகு நேர்க் கோணத்தில் கூராக இருக்கிறதா என்று நகத்தை வைத்து இழுத்துப் பார். நகத்தைச் சுரண்டினால் சரி. தீப்பொறிக் கம்பியை அந்த முதுகால்தான் உரச வேண்டும், வாயால் உரசிக் கெடுத்துவிடாதே. சிகரெட் லைட்டரில் இருக்கிற சின்னக் கல்லும் அதே பொருள்தான், இது கொஞ்சம் பெரிது. கீழே விழுந்து கிடக்கிற பிர்ச் பட்டையை அதே முதுகால் சுரண்டித் தூளாக்கினால் ஈரத்திலும் பிடிக்கும். நிற்கிற மரத்தில் உரிக்காதே, அங்கே சட்டப்படி கூடாது. தேசியப் பூங்காவுக்குள் நெருப்புக்குத் தனி விதி இருக்கும், பலகையைப் படித்துவிட்டுச் செய்.

தீட்டுவது உனக்கு வரும். சின்ன வயதில் நான் உளி தீட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறாய். மோரா கத்தியில் வாய்க்கு இறங்குகிற சரிவு அகலமாக, தட்டையாக இருக்கும். அந்தச் சரிவு முழுவதும் கல்லில் படிய வைத்து உளியைப் போலவே தள்ளு, கோணம் தானாக வரும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே வாயைப் பிடித்துப் பார். நூல் மாதிரி வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் இன்னும் மொட்டை. கோடு மறைகிற வரைக்கும் தீட்டு.

உன் தாத்தா கவாத்து வெட்டும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தார். செடிக்கு முன்னால் நின்றதும் கால் எங்கே, பக்கத்து ஆள் எங்கே என்று பார்ப்பார். பிறகுதான் கத்தி உயரும். சரிவாக ஒரே வெட்டு, பட்டை கிழியாது. கிழிந்தால் தண்ணீர் இறங்கிக் கிளை அழுகும் என்பார். நாற்பது வருஷத்தில் அவர் உடம்பில் கத்திக் காயம் ஒன்றுகூட இல்லை. நீயும் குச்சி சீவும்போது இரண்டு தொடைக்கு நடுவில் வைத்துச் சீவாதே. தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் அங்கே வெட்டுப் பட்டால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முழங்கையை முழங்கால் மேல் ஊன்றி, கத்தியை உனக்கு வெளிப்பக்கம் தள்ளு.

அப்புறம், ஊருக்குள் இடுப்பில் தொங்கவிட்டு நடக்காதே. ஸ்வீடனில் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருக்கக் கூடாது. ரயிலில் போகும்போது பைக்குள் அடியில் இருக்கட்டும். விமானம் என்றால் செக்-இன் பையில் மட்டும்.

வாங்கினதும் பிடியின் அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, தாயி. இரும்பு கடைசி வரை வந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். பார்த்துச் சொல்கிற வரைக்கும் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா