மணலில் பிள்ளைகளின் தோட்டம்: நன்றி மடல்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் எங்கள் முன்பள்ளித் தோட்டத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள் தாங்களே விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, கீரை ஆய்கிற தோட்டம் இன்று கடற்கரை மணலில் பச்சையாக நிற்கிறது. பெயர் போட வேண்டாமென்று உங்களில் பலர் கேட்டதால் பெயர்களை விட்டுவிட்டோம். நீங்கள் தந்தது என்ன, அது எந்தக் குறையைத் தீர்த்தது என்பதை மட்டும் விபரமாக எழுதுகிறோம். தோட்டம் போட நினைக்கும் மற்ற முன்பள்ளிகளுக்கும் இது பயன்படட்டும்.

முதல் நன்றி வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து மாட்டெரு ஏற்றித் தந்த ஐயாமாருக்கு. எங்கள் மணலில் தண்ணீர் நிற்காது, போட்ட பசளையும் அதோடு கீழே இறங்கிவிடும். மூன்று மாதம் குவித்து மக்கிய எருவைத் தந்தீர்களே, அது பெரிய உபகாரம். பச்சைச் சாணத்தின் சூடு இளம் வேரைக் கருக்கும். அதிலுள்ள கிருமியோ மண்ணளையும் பிள்ளையின் கையோடு வாய்க்குப் போகும். குவியலுக்குள் தடியைச் செருகி, சற்றுப் பொறுத்து இழுத்தால் தடி சுடக் கூடாது, சாண மணமும் அடிக்கக் கூடாது என்று நீங்கள் சொன்ன சோதனையை ஒவ்வொரு ஏற்றுக்கும் செய்கிறோம்.

பொச்சு மட்டையும் தும்புத்தூளும் தந்த தென்னந்தோட்டக்காரர்களுக்கும் நன்றி. பாத்திக்கு ஒன்றரை அடி தோண்டி, அடியில் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு நெருக்கி வைத்தோம். இறங்கும் தண்ணீரை அவை பிடித்து வைக்கும். அதன் மேல் நான்கு கூடை மணலுக்கு இரண்டு கூடை எரு, ஒரு கூடை தும்புத்தூள். தூளை மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலையோரத்தைக் கருக்கிவிடும்.

தச்சுவேலை செய்து தந்த அண்ணன்மாரை எப்படிப் பாராட்டுவதென்றே தெரியவில்லை. பெரியவர்களின் பாத்தி நாலடி அகலம். பிள்ளைக்கு நடுப்பகுதி எட்டாது, உள்ளே இறங்கி மிதிக்கும், மிதித்த மண் இறுகிப்போகும். நீங்கள் இரண்டடி அகலத்தில், இரண்டு பக்கமும் நின்று வேலை செய்யத் தக்கதாகப் பலகை அடித்தீர்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாமென்று பெயின்ற் படாத தென்னம்பலகையாகத் தேடி எடுத்தீர்கள். எல்லாவற்றையும் விட அந்த விதைக்குச்சி! சுண்டுவிரல் பருமன், நுனியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றரில் ஒரு குறுக்குக் கட்டை. விரலால் குழி போடும் பிள்ளை விரல் முழுவதையும் இறக்கிவிடும், அந்த ஆழத்திலிருந்து வெண்டி முளை மேலே வராமல் அழுகும். குறுக்குக் கட்டை மண்ணில் முட்டியதும் பிள்ளையின் கை தானாக நிற்கிறது.

களுதாவளைத் தோட்டக்காரர்களே, மணலில் பயிர் எடுக்கும் அனுபவத்தை விதையோடு சேர்த்துத் தந்தீர்கள். பிஞ்சு விரலுக்குப் பிடிபடும் விதைகளாக கௌபி, பயற்றை, வெண்டி, பூசணி. வெண்டியை மட்டும் இரவு முழுவதும் ஊறவைக்கச் சொன்னீர்கள். கௌபி நாலாம் ஐந்தாம் நாளில் தலைகாட்டும். அதுவரை பொறுக்காமல் பிள்ளைகள் தோண்டிப் பார்ப்பார்கள். அதற்காக அதே நாளில் நாலு விதையைக் கண்ணாடிப் போத்தலில் ஈரத் துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைத்துவிட்டால், தோண்டும் கை போத்தலுக்குப் போகிறது. முளைக்கீரை விதை ஒரு கரண்டிக்குப் பத்துக் கரண்டி உலர்ந்த மணல் கலந்து தூவினால் நெருக்கம் குறையும், நாற்று அழுகாது. சிறிது அரிசி மா சேர்த்தால் எறும்பு மாவைத் தூக்கும், விதை தப்பும். கொச்சிக்காய் வேண்டவே வேண்டாமென்று நீங்கள் மறித்ததும் சரியே: தொட்ட கை நேரே கண்ணுக்குத்தான் போகும்.

காத்தான்குடிக் கடைக்கார நானாமாருக்கு: நீங்கள் சேர்த்துத் தந்த ஒரு லீற்றர் போத்தல்கள்தான் எங்கள் பூவாளி. மூடியில் சூடாக்கிய ஆணியால் ஆறு துளை, தண்ணீர் பாதியளவு. அதற்கு மேல் பாரமானால் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிடித்துச் சாய்ப்பது கடினம். வாளியால் ஊற்றினால் விதையே மிதந்து போய்விடும்.

சனி, ஞாயிறில் முன்பள்ளி பூட்டு. கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் அந்த இரண்டு நாள் போதும், நாற்று வாடிவிடும். அந்தக் கவலையைத் தீர்த்தது மண் முட்டி வனைந்து தந்த அம்மாவின் கை. மெருகு பூசாத ஐந்து லீற்றர் முட்டியைக் கழுத்தளவு புதைத்து நிரப்பினால், சுற்றி ஓரடிக்குள் நிற்கும் செடிக்கு ஈரம் மெல்லக் கசியும். மூடி கட்டாயம் வேண்டும். திறந்திருந்தால் டெங்கு நுளம்பு முட்டையிடும், பிள்ளையின் காலும் உள்ளே போகும்.

பழைய வலை தந்த மீனவத் தம்பிமாருக்கும் நன்றி. ஆடு, கட்டாக்காலி மாடு எதுவும் உள்ளே வருவதில்லை. வலையின் அடியில் ஓணானும் பாம்பும் சிக்குவதால் கீழ் ஓரடிக்குக் கிடுகு கட்டியிருக்கிறோம். காலையில் பெரியவர் ஒருவர் சுற்றிப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கும். வேலியோரத்து மஞ்சள் அலரியையும் ஊமத்தையையும் வேரோடு எடுக்கவைத்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா ஒரு பேராபத்தை நீக்கினார். அலரி விதை ஒன்றே குழந்தைக்கு உயிராபத்து. மழைக்காலத்து ஆபிரிக்க நத்தையைப் பிள்ளைகள் தொடக் கூடாது, பெரியவர்கள் கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட வேண்டுமென்றதும், தோட்டத்தில் செருப்பு, வெளியே வந்ததும் சவர்க்காரம் என்ற ஒழுங்கும் அவருடையதே.

பயற்றையில் அழுக்கணவன் என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி பிடித்தபோது மருந்தடிக்க விடாமல், முதலில் வெறும் தண்ணீரைப் பீச்சி விழுத்தச் சொன்னார் விவசாயப் போதனாசிரியர். அதற்கும் போகாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி, பிள்ளைகள் போன பின் மாலையில் இலையின் அடியில் படும்படி.

அம்மம்மாமாரே, பிள்ளைகள் ஆய்ந்த கீரையைச் சுண்டி, வீட்டில் கீரை தொடாத பிள்ளையையும் சாப்பிட வைத்தீர்கள். உங்களுக்கு எங்கள் அன்பான நன்றி.

வாடை மழைக்கு முன், ஐப்பசியில், நாற்று மேடைக்கு மேல் கிடுகுப் பந்தல் போட வேண்டும். பெருந்துளி நேரே விழுந்தால் நாற்று மண்ணோடு சாயும். இருபது கிடுகு தேவைப்படுகிறது, கட்டத் தெரிந்த இருவர் வந்தால் போதும். சென்ற போகத்துக் கௌபி, பயற்றை விதைகள் சாம்பல் கலந்து போத்தலில் இருக்கின்றன. விரும்பும் முன்பள்ளிகள் கிழமை நாட்களில் காலையில் கடதாசிப் பையோடு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியர்களும் தோட்டக் குழுவும்
மட்டக்களப்பு