புதுப்பிப்புக் கட்டணத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழிலுக்கென்று இணையதளம் தொடங்குகிறவர்கள் டொமைன் பெயர் (தளத்தின் இணைய முகவரி) வாங்கும்போது முதல் வருடத் தள்ளுபடியை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போதுதான் முழு விலை தெரிகிறது, சில சமயம் அது பல மடங்கு. அந்தக் கட்டணத்தை முதலிலேயே விசாரியுங்கள். பில்லில் தானாக ஒட்டிக்கொள்ளும் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்), மின்னஞ்சல் எல்லாம் வேண்டாமென்றால் டிக்கை எடுத்துவிடுங்கள்.

நான் பட்ட பாடு வேறு. தளம் செய்து தந்தவர் டொமைன் பெயரைத் தன் கணக்கிலேயே பதிந்துவிட்டார். அப்புறம் போனையும் எடுக்கவில்லை, புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் மெயில்கள் எல்லாம் அவருக்கே போயின, ஒரு நாள் காலையில் தளத்தைத் திறந்தால் யாருடையதோ விளம்பரப் பக்கம். புதுப்பிக்காத டாட் காம் பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டுதான், ஆனால் அதற்குத் தனிக் கட்டணம், அதையும் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கேட்க முடியும். தயவுசெய்து உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் பதியுங்கள்.

சரி, எந்தப் பெயர்? புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை வைக்கலாம் என்பதற்காக நீட்டாதீர்கள். போனில் ஒரு தடவை சொன்னதும் கேட்பவர் பிழையில்லாமல் டைப் செய்ய வேண்டும். நடுவில் கோடோ எண்ணோ வந்தால் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்