புயல் வீடியோவில் மணி எங்கே, மீட்டர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் வரும்போது கடல்நீர் எவ்வளவு தூரம் ஊருக்குள் ஏறும் என்று காட்டும் வண்ணப் படங்கள் மழைக்காலம்தோறும் பத்திரிகைகளில் வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் படத்தில் இருப்பது எந்த நாள், எத்தனை மணி, சிவப்பு என்றால் எத்தனை மீட்டர் என்பதைப் பெரும்பாலும் காணோம். பத்திரிகைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. கடல்நீர் எவ்வளவு ஏறும் என்று கணினியில் கணக்குப் போடுகிறவர்களே வீடியோவாகத்தான் கொடுக்கிறார்கள்.

கடலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நீர்வளப் பாடம் நடத்துகிறேன். இறுதியாண்டு மாணவர்கள் 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலை, கடல்நீர் மட்டத்தைக் கணக்கிடும் அட்சர்க் (ADCIRC) மென்பொருளில் ஓட்டி, அந்த விடையை வண்ணப் படமாகக் காட்டும் பாராவியூ (ParaView) மென்பொருளில் படமாக்குவார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் புயல் அலை எச்சரிக்கைக்குப் பயன்படுத்துவதும் அட்சர்க்தான். பாராவியூ இலவசமாகவே கிடைக்கிறது. கணக்கு ஓட்டுவதைவிட, வந்த விடையைப் பாராவியூவுக்குள் ஒழுங்காகக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு.

அட்சர்க் கடலைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரிக்கிறது. முக்கோண முனைகளுக்கு 1-லிருந்து எண் கொடுக்கும். பாராவியூ படிக்கும் விடிகே கோப்பிலோ எண்ணிக்கை 0-வில் தொடங்கும். அந்த ஒன்றைக் கழிக்காமல் மாற்றினால் வங்கக்கடல் பிய்த்துப்போட்ட சிலந்திவலை மாதிரி இருக்கும். ஆழத்தை அட்சர்க் நேர்க்குறியில் எழுதும். குறியை மாற்றாவிட்டால் கடலடி மலையாக எழுந்து நிற்கும். இவை பார்த்தவுடனே பல்லிளிக்கும் பிழைகள் என்பதால் எனக்கு இவற்றில் கவலையே இல்லை.

கவலை, அழகாகத் தெரியும் பிழைகளில்தான். தண்ணீர் ஏறாத இடங்களுக்கு அட்சர்க் −99999 என்று எழுதி வைக்கும். பாராவியூ அதையும் நீர்மட்டம் என்றே எடுத்துக்கொண்டு, வண்ண அளவுகோலை அதுவரை நீட்டிவிடும். கடல் முழுக்க ஒரே நிறம். வறண்ட முனைகளை வடிகட்டி எடுப்பதுதான் முறை. பொறுமை இல்லாதவர் அளவுகோலைக் கையால் ஒரு மீட்டரில் நிறுத்திவிடுவார். படம் பளிச்சென்று வந்துவிடும். அப்புறம் ஒரு மீட்டர் வந்த இடமும் மூன்று மீட்டர் வந்த இடமும் ஒரே சிவப்புதான்.

நேரம் இன்னும் மோசம். வழக்கமாக மணிக்கொரு கோப்பும், புயல் கரையை நெருங்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்புமாகச் சேமிப்போம். நேரத்தைச் சொல்லாமல் வரிசை எண்ணோடு மட்டும் அவற்றைத் திறந்தால், பாராவியூ எல்லாவற்றையும் சம இடைவெளியாகவே ஓட்டும். அரை மணியில் ஏறிய தண்ணீர் மூன்று மணி நேரம் சாவகாசமாக ஏறியதுபோலத் தெரியும். எந்தக் கோப்பு எந்த நேரத்துக்கானது என்று எழுதிய சின்ன பிவிடி கோப்பு ஒன்று கூடவே இருந்தால் இந்தச் சிக்கல் வராது. போதாக்குறைக்கு, அட்சர்க் நேரத்தைக் கணக்குத் தொடங்கியதிலிருந்து எத்தனை விநாடி என்றுதான் எழுதும். தொடக்கத்தை, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலக நேரத்தில் (UTC) வைத்துவிட்டு அப்படியே மணியாக மாற்றினால், நம் காலை ஆறரை மணி படத்தில் இரவு ஒரு மணி ஆகிவிடும். தானே காலையில் கரை கடந்தது கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், சிரித்துவிட்டுப் போவார்கள். இனி வரப்போகும் புயலுக்கு அப்படிச் சிரிக்க முடியாது.

அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு வீடியோவும் பிடிஎஃப்பும் மட்டும் போதாது. முக்கோண வலை, நீர்மட்டம், அலகு, நேரம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பது எல்லாம் உள்ளேயே எழுதப்பட்ட நெட்சிடிஎஃப் கோப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம். அட்சர்க் அந்த வடிவில் எழுதும் வசதியோடுதான் வருகிறது, கூடுதல் செலவு என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரை, வீடியோ தருபவரிடம் இந்திய நேரமும் வண்ண அளவுகோலும் கேட்டு வாங்கிப் படத்துக்குக் கீழே நீங்கள் அச்சிட வேண்டும். தர மறுத்தால் அந்தப் படத்தைப் போடாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
நீர்வளப் பொறியியல் ஆசிரியை,
கடலூர் மாவட்டம்.