கரும்புள்ளி மேல் பழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்து வெயிலைப் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். "சூரியனில் கரும்புள்ளிகள் பெருகியதே காரணம்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார் உங்கள் நிருபர். மரம் வெட்டியவர்கள், ஏரியை மூடியவர்கள் எல்லாம் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். அஸ்தம்பட்டி வீட்டு மொட்டை மாடியில் சின்னத் தொலைநோக்கி வைத்து, சூரிய பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழவைத்து, புள்ளிகளைப் பென்சிலால் குறித்து வருகிறேன். (நேரே கண்ணை வைத்தால் பார்வை போய்விடும். போன கிரகணத்துக்கு இந்த எச்சரிக்கையைக்கூட நீங்கள் போடவில்லை.) 2019 தாள்களை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் வெறும் வட்டம்தான். அந்தக் கோடையில் சேலத்தில் யாராவது போர்வை தேடினார்களா?

தங்களுக்குத் தெரியாததல்ல. காந்தப்புலம் இறுகி, அடியிலிருந்து வெப்பம் மேலே வரவிடாமல் மறிக்கும் இடம்தான் கரும்புள்ளி. சுற்றிலும் 5,500 டிகிரி செல்சியஸ். அங்கே சுமார் 4,000. அதனால்தான் கறுத்துத் தெரிகிறது. புள்ளிகள் மிகும்போது கூடவே வெளிச்சத் திட்டுகளும் மிகுவதால் மொத்த ஒளி கூடுவது உண்மை. எவ்வளவு? ஆயிரத்தில் ஒரு பங்கு! ஏறக்குறைய 11 ஆண்டுக்கொருமுறை இது ஏறி இறங்கும். உச்சத்தில் சூரியனின் காந்தத் துருவங்கள் இடம் மாறும். 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் சூரியப் புயலால் துருவ ஒளி தோன்றி வானம் சிவந்ததே, அது இந்த உச்சத்தின் வேலை. செவ்வாய்ப்பேட்டையில் தார் இளகுவதற்கு அதன் மேல் பழி போடக்கூடாது. ஏற்காட்டிலேயே மின்விசிறி வாங்குகிறார்கள். கரும்புள்ளி மலையேறி வந்ததா?

நாசா படம் என்றால் அரைப் பக்கம் தருகிறீர்கள். நம் கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறது. கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் அங்கேதான். அதற்கு ஒரு மூலை உண்டா? எங்கள் தெருவில் புளியமரங்களை வெட்டியபோது நான் எழுதிய கடிதம் 'இட நெருக்கடி'யால் வரவில்லை. ராசிபலனுக்கு மட்டும் அந்த நெருக்கடி வந்ததே இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கரும்புள்ளி சுற்றுப்புறத்தைவிட வெப்பம் குறைந்தது, சேலத்து வெயிலுக்கு அது காரணமல்ல என்று வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள். வரி விளம்பரங்களுக்கு நடுவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.