திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டிலிருந்து கிளம்பிப் பார்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஊருக்கு வெளியே மூன்று படுக்கையறை வீடா, ஊருக்குள் இரண்டு அறை பிளாட்டா என்று கேட்டிருந்தாய். இந்த விஷயத்தில் எனக்கு முடிவான கருத்து உண்டு. உனக்குப் பிடித்த வீட்டை நான் வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படுவாயோ என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் இருக்கிற சின்ன வீட்டை வாங்கு.

நான் 11 வருஷம் தூரத்து வீட்டில் இருந்தவள். வாசலிலிருந்து அலுவலகத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், போக வர இரண்டரை. ஒரு நாளுக்கு என்று பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 240 வேலை நாள் என்றால் 600 மணி நேரம். அதாவது இரவும் பகலும் சேர்த்து முழுசாக 25 நாள் சாலையிலேயே போயிருக்கிறது. மகன் பள்ளியிலிருந்து வந்து என்ன சொன்னான் என்பதை அந்த வருஷங்களில் அம்மாதான் எனக்குச் சொல்வார். நல்ல காற்றும் வெளிச்சமும் உள்ள வீடுதான். ஆனால் வெளிச்சம் இருக்கும் நேரத்தில் நான் அதில் இருந்தது விடுமுறை நாட்களில் மட்டும். இது உனக்கும் வரக் கூடாது என்று உண்மையிலேயே பதறுகிறேன்.

'அகலச் சாலை வரப்போகிறது, அப்புறம் அரை மணியில் போய்விடலாம்' என்று தரகர் சொன்னதாக எழுதியிருந்தாய். சாலை வரும். கொஞ்ச நாள் வேகமாகவும் போவீர்கள். அப்புறம்? நெரிசலுக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பியவர்கள், சுற்று வழியில் போனவர்கள், ரயிலில் போனவர்கள் எல்லாரும் அந்தச் சாலைக்கே வருவார்கள். அதை நம்பி இன்னும் தள்ளி வீடு கட்டுவார்கள். உச்ச நேரத்தில் விரைவுச்சாலை எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் நிரம்பிவிடும் என்று அந்தோணி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1962லேயே எழுதினார். டுராண்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெடுஞ்சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் அதில் ஓடும் வண்டிகளின் தூரமும் கூடுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. தென் கொரியத் தலைநகர் சியோலில் இதற்கு நேர்மாறாக ஒன்றைச் செய்தார்கள். நகர நடுவே ஓடிய சொங்க்யேசோன் மேம்பாலச் சாலையை 2003இல் இடிக்க ஆரம்பித்து, அதன் கீழே மூடிக் கிடந்த ஓடையை 2005இல் திறந்துவிட்டார்கள். ஊரே ஸ்தம்பித்துவிடும் என்று பயந்தார்கள், அப்படி எதுவும் ஆகவில்லை. இடையில் 2004இல் பேருந்துகளுக்குச் சாலை நடுவே தனிப் பாதை விட்டதும் அதற்குத் துணையாக இருந்திருக்கும்.

இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எந்தக் காலத்திலும் மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் போக்குவரத்துக்குக் கொடுக்கிறார்கள் என்றார். நடந்தே போன காலத்தில் நகரத்தின் குறுக்களவு ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கியிருந்தது. வண்டி வேகமாக ஆக ஆக நகரம்தான் விரிந்தது, நேரம் மிச்சமாகவில்லை. நீ சொன்ன ஊருக்குள் இருக்கிற பிளாட்டைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: அங்கிருந்து உன் அலுவலகம் பேருந்தில் 25 நிமிடம் என்கிறாய். இதை விடாதே.

பேருந்து என்றதும் ஒன்று. நிறுத்தம் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்று பார். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நீ சராசரியாக ஐந்து நிமிடம் நிற்பாய். அரை மணிக்கு ஒன்று என்றால் கால் மணி நேரம், ஒன்றைத் தவறவிட்டால் முழு அரை மணி. பிரேசிலில் குரிச்சிபா நகரம் 1974இலிருந்தே பேருந்துக்குத் தனிப் பாதை கொடுத்தது. பிற்பாடு, ஏறும் முன்பே கட்டணம் செலுத்திவிட்டுப் பேருந்தின் தள உயரத்திலேயே நின்று ஏறுகிற நிறுத்தங்களையும் அமைத்தார்கள். முழங்கால் வலியோடு படி ஏறித் தடுமாறும் என் அம்மாவைப் பார்த்த பிறகு, அந்த நிறுத்தங்களைக் கட்டியவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

பேருந்து இப்போது எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் பார்க்க முடிவதைப் பெரிய வரமாகவே நினைக்கிறேன். இருட்டிய பிறகு தனியாக நிற்கும் பெண்ணுக்கு 'இன்னும் நான்கு நிமிடம்' என்ற ஒரு வரி எவ்வளவு தைரியம் தருகிறது! வழிகாட்டும் செயலிகள் மேல் எனக்கு அந்த அன்பு இல்லை. நெரிசலைக் கண்டதும் பிள்ளைகள் விளையாடுகிற சந்துக்குள் வண்டிகளைத் திருப்பி விடுகின்றன. இரண்டு நிமிடம் மிச்சப்படுத்த ஒரு தெருவின் அமைதியைக் கெடுப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்பதை நம்பித்தான் தூரத்து வீட்டை யோசிக்கிறாய். அந்த ஏற்பாடு மேலதிகாரியின் ஒரு மின்னஞ்சலில் மாறிவிடலாம். வீட்டுக் கடன் 20 வருஷம் கூடவே வரும்.

அப்புறம் அந்தத் தூரத்து வீட்டில் எல்லா விளக்கும் கைப்பேசியில் எரியும் என்று மகிழ்ந்திருந்தாய். பழைய வீட்டில் நாங்களும் அப்படித்தான் பொருத்தினோம். விற்ற நிறுவனம், அந்த விளக்குகளை இணையம் வழியாக இயக்கிய தன் சர்வரை மூன்றே வருஷத்தில் நிறுத்திவிட்டது. ஒருநாள் மாலை நான் வந்தபோது அம்மா இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். சுவரில் சாதாரண சுவிட்ச் இல்லாத எதையும் அதன் பிறகு நான் வாங்குவதில்லை. விளக்கு, பூட்டு, காமிரா எல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக் கூடியவை. வீடு இருக்கும் இடம், சன்னல் பார்க்கும் திசை, படிக்கட்டின் அகலம் இவற்றை நம்மால் மாற்றவே முடியாது. பணத்தை இவற்றுக்குக் கொடு.

சின்ன பிளாட் நான்காவது மாடி என்பதுதான் எனக்கு ஒரே யோசனை. 1857இல் நியூயார்க்கில் ஒரு கடையில் ஓட்டிஸ் நிறுவனம் ஆட்களுக்கான லிஃப்டை அமைக்கும் வரை, மேல் மாடி என்றால் வாடகை குறைந்த இடம்தான். இன்றும் லிஃப்ட் நின்றால் அதே நிலைமை. மின்சாரம் போனால் அது ஓட மாற்று ஏற்பாடு உண்டா, பராமரிப்பை யார் பார்க்கிறார்கள் என்று அங்கே குடியிருப்பவர்களிடமே கேள். மேலே மொட்டை மாடியா என்றும் பார்த்துக்கொள். அப்படியானால் வெயில் நேராக உன் கூரையில் இறங்கும். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் ஓரளவு தாங்கும்.

இன்னும் மனம் ஊசலாடினால் ஒரு காரியம் செய். தரகர் உன்னை ஞாயிறு மதியம்தானே கூட்டிப் போனார்? வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தத் தூரத்து வீட்டு வாசலில் நின்று, அலுவலகப் பையோடு கிளம்பிப் பார். மாலையும் அதே வழியில் திரும்பு. மழை பெய்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு உன்கூட வருகிறேன். எந்தத் திங்கள் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி