ஒரு பல் போனது, மூன்று பல்லுக்குக் காசு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் பல் பாலம், அதாவது பல் போன இடத்தில் கழற்ற முடியாதபடி பொய்ப்பல் கட்டுவதைப் பற்றி வந்த மருத்துவக் குறிப்பைப் படித்தேன். பல் பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்துவிடும், மேல்பல் கீழே இறங்கிவிடும் என்று எழுதியிருந்தது சரிதான். ஆனால் பாலம் கட்டி முடித்த பிறகு அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கும் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 26 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். 2016-ல் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு தனியார் கிளினிக்கில் பாலம் கட்டினேன். 2,700 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆனது. "போனது ஒரு பல்தானே டாக்டர், மூன்று பல்லுக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்களே" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் தூண் வேண்டாமா, ஆன்ட்டி" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. அந்தத் தூண் என்பது என்னுடைய சொந்தப் பல், சொத்தை இல்லாத நல்ல பல் என்பது அரைத்து முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தபோதுதான் உறைத்தது. இரண்டும் தேய்ந்த பென்சில் முனை மாதிரி நின்றன. அரைத்த பல் திரும்ப வளராது. கையெழுத்துப் போட்ட தாளில் இதெல்லாம் இருந்திருக்கலாம். அது முழுக்க ஆங்கிலம்.

இரண்டு வாரம் தற்காலிகப் பல், பிறகு அசல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பினாங்கில் கடல் மேல் ஏற்கெனவே இரண்டு பாலம் இருக்கிறது, மூன்றாவது நம் வீட்டில்தான் என்று மகன் கிண்டலடித்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருடம் போனதும் ஐஸ் தண்ணீர் குடித்தால் சுரீர் என்றது. வாயில் ஒரு வாடை வேறு. கேஸ்ட்ரிக் என்று நினைத்து மருந்து குடித்தேன், முட்டாள்தனம். 2023 தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து இறங்கி வரும் வழியில் கச்சாங் பூத்தே (கடலை, பயறு நொறுக்குத்தீனி) கடித்தேன். பாலத்தின் மூன்று பொய்ப்பல்லும் ஒரே துண்டாகக் கழன்று கையில் வந்துவிட்டன. பின்பக்கத் தூண் கறுத்து, நகத்தால் சுரண்டினால் உதிரும் பதத்தில் இருந்தது.

அரசாங்கப் பல் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பதிந்துகொண்டு போனேன். அங்கிருந்த இளம் டாக்டர் தமிழ்ப் பெண். கழன்று வந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினாள். பாலத்தில் ஒரு பக்கத்துச் சிமெண்டு விட்டுப்போனாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டே இருக்குமாம். ஆடாது, நமக்குத் தெரியாது. விட்ட இடைவெளியில் எச்சிலும் சாப்பாடும் புகுந்து உள்ளேயே சொத்தையாகிவிடும். நடுவில் தொங்கும் பொய்ப்பல்லுக்கு அடியிலும் உணவு தங்கும், அதைப் பிரஷ் எட்டாது. அதற்கென்றே ஒரு நூல் இருக்கிறது. ஒரு முனை விறைப்பாக இருக்கும், அதைப் பொய்ப்பல்லுக்கு அடியில் ஊசி கோக்கிற மாதிரி நுழைத்து, பஞ்சு போன்ற நடுப்பகுதியை இழுத்து இழுத்துத் துடைக்க வேண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 10 வருடத்துக்கு மேலும் நிற்கும் என்றாள். "உங்களுக்கு யாரும் காட்டிக் கொடுக்கலையா, அம்மா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற நூல் அது.

பின்பக்கத் தூணைப் பிடுங்கியாகிவிட்டது. ஒரு பல் இல்லாமல் போனவள் இப்போது இரண்டு பல்லுக்குக் கழற்றி மாட்டும் செட் போட்டிருக்கிறேன். பாலம் கட்டுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. என் அக்கா வாயில் கட்டியது இன்றும் கல் மாதிரி நிற்கிறது. ஆனால் பக்கத்துப் பல்லை அரைப்பார்கள் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால், பக்கத்துப் பல்லைத் தொடாமல் தாடை எலும்பில் பதிக்கும் இம்பிளாண்டுக்கு எவ்வளவு ஆகும், கழற்றும் பல்லே போதுமா என்றாவது கேட்டிருப்பேன்.

கிளினிக்கின் பெயரைப் போடவில்லை, யாரோடும் சண்டைக்கும் வரவில்லை. தமிழர்கள் வந்து போகும் தனியார் பல் கிளினிக்குகள் ஒரு காரியம் செய்யட்டும். எந்தப் பல்லை அரைப்பார்கள், நூலை எப்படி நுழைப்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் அடித்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் கையில் கொடுக்கட்டும். ஒரு பக்கம் போதும். எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், எங்களுக்கெல்லாம் கண்ணாடி போட்ட வயது.

ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர்,
ஜெலுத்தோங், பினாங்கு